பிறக்கும்போதே குற்றவாளியா?

அயர்லாந்து நாட்டிலே, வயல்களின் ஓரத்திலும், கடற்கரை மேடுகளிலும், பாழடைந்த பழங்கோட்டைகளின் உள்ளேயும், சிறு சிறு கற்கள் நடப்பட்ட இடங்கள் பல உண்டு. கற்களிலே பெயரில்லை, பிறந்த நாளில்லை, இறந்த நாளுமில்லை. சில்லீன் என்று அந்நாட்டு மக்கள் அவ்விடங்களை அழைக்கின்றனர். ஞானஸ்நானம் பெறுமுன்னர்க் கண் மூடிவிட்ட பச்சிளங் குழந்தைகளைப் புதைத்த இடங்கள் அவை. கோயிலை அடுத்த கல்லறைத் தோட்டத்திலே அக்குழந்தைகளுக்கு இடம் மறுக்கப்பட்டது. பொழுது சாய்ந்தபின், துணியிலே சுற்றிய சின்னஞ்சிறு உடலைச் சுமந்துகொண்டு தந்தை நடப்பான், குழி தோண்டுவான், மூடுவான், ஒரு கல்லை நட்டுவிட்டுத் திரும்புவான். மணி ஒலிக்காது, செபமும் ஒலிக்காது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலே இவ்வழக்கம் நீடித்தது.

அந்தக் குழந்தை செய்த குற்றந்தான் யாது? பொய் புகன்றதா? பேசவே அறியாதது! பிறர் பொருளைக் கவர்ந்ததா? விரல் விரித்துப் பொருளைப் பற்றவும் கற்காதது! எவரையேனும் வெறுத்ததா? எவரையும் இன்னாரென்று அறியாதது! பிறந்தது, அதுவே அதன் குற்றம். முதல் மனிதனான ஆதாம் ஆண்டவனின் ஆணையை மீறினான். அவன் தேடிக்கொண்ட கறை, அவன் வழியிலே வந்தோர் அனைவர்மீதும், கருவிலிருக்கும்போதே படிந்துவிடுகிறது என்பது கொள்கை. தமிழ்க் கிறித்தவரின் நாவிலே அதற்கு வழங்கும் பெயரே விளக்கவுரை வேண்டாதபடி தெளிவானது: ஜென்மப் பாவம்.

இந்தக் கொள்கையையும், மனிதன் கீழ்நிலை உயிர்களிலிருந்து படிப்படியாக வளர்ந்து வந்தவன் என்ற பரிணாமக் கொள்கையையும் ஒன்றோடொன்று இணைத்துக் காட்ட, நூறாண்டுகளுக்கும் மேலாகப் பலர் முயன்று வருகின்றனர். முயன்றவர்கள் அறிவிலிகள் அல்லர், வஞ்சகரும் அல்லர். கற்றோர், கனிந்த உள்ளத்தோர், சிலர் அதற்காகத் துன்புற்றோர். ஆகவே, ஏளனம் செய்து ஒதுக்கிவிடாமல், அவர்கள் கட்டிய பாலங்களின்மீது நாமும் நடந்து பார்ப்போம். பாரம் தாங்குகிறதா, இல்லையா என்பது நடக்கும்போதுதானே தெரியும்!

முதலில், கொள்கை பிறந்த கதையைக் காண்போம். ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரத்திலே கனி இருக்கிறது, பாம்பு இருக்கிறது, சாபம் இருக்கிறது, வெளியேற்றமும் இருக்கிறது. ஆனால், பாவம் என்ற சொல் அங்கில்லை! அச்சொல் தலைகாட்டுவது அடுத்த அதிகாரத்தில், காயீன் தன் தம்பியைக் கொல்லும் கதையிலேதான். அந்நூலைத் தம் சொந்த வேதமாகப் போற்றிவரும் யூதர்கள், பரம்பரைப் பழி என்றொரு கோட்பாட்டை அதிலிருந்து வடித்தெடுக்கவில்லை. வடித்தெடுத்தவர்கள் பின்னர் வந்தவர்கள். ரோமருக்கு எழுதிய மடலிலே, ஆதாமையும் ஏசுவையும் எதிரெதிரே நிறுத்திப் பேசினார் பவுல். அவர் எழுதியது கிரேக்க மொழியில். அந்த மடலின் ஐந்தாம் அதிகாரத்திலுள்ள ஒரு தொடர், அனைவரும் பாவம் செய்தமையால் என்ற பொருளையே தரும் என்பது இன்று பெரும்பாலான அறிஞர்களின் முடிபு. ஆனால் லத்தீன் மொழிபெயர்ப்பிலே அத்தொடர், ஆதாமுக்குள்ளே அனைவரும் பாவம் செய்துவிட்டனர் என்று படிக்கும்படி அமைந்துவிட்டது. கிரேக்கத்திலே பெரும்புலமை இல்லாத அகஸ்டின், லத்தீனை நம்பினார். ஒரு சிறு சொல் புரண்டது. மனித குலமே குற்றவாளிக் கூண்டில் ஏறிற்று!

கொள்கை முழுவதும் அந்த ஒரு சொல்லிலேதான் தொங்கியது என்று நாம் கூறவில்லை. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் அளிக்கும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. குற்றமில்லையேல் கழுவுவது எதற்கு என்ற வினா அகஸ்டினின் கையிலே வலிய கருவியாயிற்று. மனிதன் நன்மையைத் தானே தேர்ந்து செய்யவல்லவன் என்று வாதாடிய பெலாஜியஸ், கார்த்தேஜ் நகரில் 418இல் கூடிய சங்கத்தாலே கண்டிக்கப்பட்டார். ஞானஸ்நானம் பெறாத குழந்தை தண்டனைக்குரியதே, ஆனால் அத்தண்டனை மிக மென்மையானது என்றார் அகஸ்டின். என்னே இரக்கம்! பிளாரென்ஸ் சங்கம் 1439இல், ஜென்மப் பாவத்தோடு மட்டும் மாண்டோரும் நரகத்திற்கே இறங்குவர், தண்டனையின் அளவு மட்டுமே வேறு என்றுரைத்தது. டிரெண்ட் நகரச் சங்கம் 1546இல் முத்திரை வைத்தது: ஆதாமின் பாவம் ஒன்றே, அது பார்த்துப் பழகுவதால் வருவதன்று, பிறப்பின் வழியே இறங்கி வருவது. இந்த இறுதிச் சொற்களைக் கருத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் வந்த இடர்ப்பாடு அனைத்தும் அங்கேதான் முளைத்தது.

டார்வின் தமது முதற் பெருநூலை 1859இல் வெளியிட்டார். மனிதனின் மரபைப் பற்றிய நூலை 1871இல் வெளியிட்டார். குரங்கா நம் முன்னோன் என்ற கூச்சல் எழுந்தது. ஆனால் உண்மையான சிக்கல் குரங்கன்று. களிமண்ணிலிருந்து ஒரே நாளில் உடலைச் செய்யும் ஆண்டவன், கோடி ஆண்டுகளிலே உடலை வளர்த்தெடுக்கவும் வல்லவன்தானே என்று கூறிச் சமாதானம் அடைவது எளிது, பலர் அடைந்தனர். சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது! உயிரினம் ஒன்று மற்றொன்றாக மாறுவது, ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக அன்று. கூட்டமாக, மெல்ல மெல்ல, தலைமுறை தலைமுறையாக. நேற்றுவரை விலங்கு, இன்று காலை முதல் மனிதன் என்று ஒரு நாளைக் குறிக்க இயலாது. முதல் மனிதன் ஒருவன் இல்லையேல் முதற்பாவம் எங்கே? முதற்பாவம் இல்லையேல், பிறப்பின் வழியே இறங்கி வருவது எது?

இந்த இடத்தைத் திருச்சபை தெளிவாக உணர்ந்திருந்தது. ஆதாமுக்கு முன்பும் மாந்தர் வாழ்ந்தனர் என்று 1655இல் நூலெழுதிய பிரெஞ்சுக்காரர் இசாக் லா பெய்ரேர், அடுத்த ஆண்டே சிறைப்பட்டுத் தம் கருத்தைக் கைவிட நேர்ந்தது. அமெரிக்கப் பாதிரியார் ஜான் ஜாம், பரிணாமமும் மதக் கோட்பாடும் பகையல்ல என்று காட்ட 1896இல் ஒரு நூல் வெளியிட்டார். இரண்டே ஆண்டுகளில் ரோமாபுரி அதற்குத் தடை விதித்தது. தடை ஆணை அம்பலத்துக்கு வராதிருக்க, அவரே தம் நூலை விற்பனையிலிருந்து நீக்க முயன்றார். வாடிகனின் விவிலிய ஆணைக்குழு 1909இல், ஆதியாகமத்தின் முதல் மூன்று அதிகாரங்களின் அடிப்படைச் செய்திகளை வரலாற்று உண்மை என்றே கொள்ளவேண்டும் என அறிவித்தது. மனித இனம் ஒரு மூலத்திலிருந்து வந்தது என்பதும் அவற்றுள் ஒன்று.

பன்னிரண்டாம் பத்திநாதர் என்னும் போப்பாண்டவர், 1950 ஆகஸ்டு 12ஆம் நாளிட்ட திருமடலிலே, கதவைப் பாதி திறந்தார். மனித உடல் முந்தைய உயிர்களிலிருந்து வந்திருக்கலாமா என்று அறிஞர்கள் ஆராயலாம்; ஆன்மாவோ ஆண்டவனால் நேரே படைக்கப்படுவது. இது திறந்த பாதி. ஆதாமுக்குப் பின் அவன் வழிவராத மாந்தர் இருந்தனர் என்றோ, ஆதாம் என்பது ஒரு கூட்டத்தின் பெயர் என்றோ கிறித்தவர் கொள்ளலாகாது. அத்தகைய கருத்து ஜென்மப் பாவக் கோட்பாட்டோடு எவ்வாறு இயையும் என்பது தோன்றவில்லை. இது மூடிய பாதி. அவர் அளித்த காரணத்தை உற்று நோக்குங்கள். எலும்புகள் இவ்வாறு கூறுகின்றன, ஆகவே கூட்டம் இல்லை என்றாரா? இல்லை. கோட்பாடு குலையும், ஆகவே கூட்டம் இருந்திருக்கலாகாது என்றார்! மாளிகையின் மாடிக்கு ஏற்ற அடித்தளம் பூமிக்கடியில் இருந்தே தீரவேண்டும் என்று மண்ணுக்கு ஆணையிடுவது போன்றதன்றோ இது?

மூடிய கதவிலே மோதி நின்ற ஒருவரை இங்கு நினைவுகூராமல் மேற்செல்வது நன்றியுடைமை ஆகாது. பிரெஞ்சு நாட்டவர், ஏசு சபைத் துறவி, மண்ணில் புதைந்த உயிர்ச் சின்னங்களை ஆராய்ந்த விஞ்ஞானி, தெயார் த ஷார்தான். 1922இல், ஜென்மப் பாவத்தை வரலாற்றோடு பொருத்திக் காண்பதற்குரிய வழிகளைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதினார். அச்சிட எழுதியதன்று, அறிஞர் சிலரின் பார்வைக்கு எழுதியது. ஆதாமையும் ஏதேன் தோட்டத்தையும் வைப்பதற்குரிய இடத்தை மண்ணின் அடுக்குகளிலே தாம் காணவில்லை என்ற உண்மையை ஒளிக்காமல் உரைத்தார். வளர்ந்துகொண்டே இருக்கும் உலகிலே குறைபாடு தவிர்க்க முடியாதது. தீமை என்பது ஒருநாள் நடந்த வீழ்ச்சியன்று, முழுமை பெறாத படைப்பின் நிழல் என்பது அவர் எண்ணம் சென்ற திசை. குறிப்பு எப்படியோ ரோமாபுரியை எட்டிற்று. பாரிசில் அவர் வகித்த ஆசிரியப் பணி பறிபோயிற்று. கோட்பாட்டுக்கு உடன்பட்டுக் கையொப்பமிடும்படி நேர்ந்தது. 1926இல் சீனத்திற்குத் திரும்பச் சென்றார்.

விதியின் விந்தை என்று பிறர் கூறுவர். வரலாற்றின் நகைப்பு என்போம் நாம். ஆதாமைப் பற்றி ஐயம் எழுப்பியதற்காகத் தொலைவுக்கு அனுப்பப்பட்டவர், பீக்கிங் நகருக்கு அருகிலுள்ள சௌகௌடியன் குகையிலே, 1929இல் பீக்கிங் மனிதனின் மண்டையோடு வெளிப்பட்டபோது, அந்த ஆராய்ச்சிக் குழுவிலேயே இருந்தார்! எந்தக் கேள்வியிலிருந்து அவரை விலக்க எண்ணினரோ, அந்தக் கேள்வியின் நெற்றியெலும்பே அங்கு காத்திருந்தது. மதநூல் எழுத அவருக்கு அனுமதி கிட்டவில்லை. அவரும் சபையின் கட்டளையை மீறவில்லை. 1955 ஏப்ரல் 10ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, நியூயார்க்கில் மறைந்தார். அவருடைய பெருநூல் அதன் பின்னரே அச்சேறிற்று. 1962இலும், மறைந்தவரின் நூல்களைக் குறித்து வாடிகன் எச்சரிக்கை விடுத்தது. அவர் முடிபுகள் அனைத்தும் நமக்கு உடன்பாடு என்பதன்று. தீமையைப் படைப்பின் நிழல் என்று கூறிவிட்டால், கொடுமை செய்தவனின் பொறுப்பும் அந்நிழலிலே மறைந்துவிடும் என்ற ஐயம் நமக்கு உண்டு. எனினும், கண்டதைக் கண்டேன் என்றும், காணாததைக் காணவில்லை என்றும் உரைத்தாரே, அந்த நேர்மைக்குத் தலை வணங்குகிறோம்.

அவருக்குப் பின் விஞ்ஞானம் நின்றுவிடவில்லை. எலும்பைத் தாண்டி மரபணுவைப் படிக்கக் கற்றது. இன்று வாழும் அனைவரின் தாய்வழியும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் சென்று சேர்கிறது என்ற ஆய்வு 1987இல் வெளிவந்தது. ஏவாள் கிடைத்துவிட்டாள் என்று ஏடுகள் முழங்கின! ஆனால் அவள் காலத்திலே வாழ்ந்த ஒரே பெண் அவளல்லள். தாயிடமிருந்து மகள், மகளிடமிருந்து மகள் என்ற ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் சென்றால் அவளிடம் சேரலாம், அவ்வளவே. அவளோடு வாழ்ந்த பிற பெண்டிரும் வேறு வழிகளிலே நம் பாட்டிமாரே. மரபணு வகைகளின் பெருக்கத்தையும் தொன்மையையும் கணக்கிட்டோர் கண்டது யாது? ஒருவர் ஒவ்வொரு மரபணுவிலும் இரண்டு படிகளையே தாங்கலாம். இருவர் சேர்ந்தால் நான்கு. இன்று மாந்தரிடம் பரவிக் கிடக்கும் வகைகளோ பற்பல. அவற்றுட் பல மிகப் பழையன. கடந்த சில இலட்சம் ஆண்டுகளிலே நம் முன்னோர் இருவராகச் சுருங்கியிருந்தால், இந்தப் பெருக்கத்திற்கு விளக்கம் கிடையாது. பல்லாயிரவர் கொண்ட மக்கட்கூட்டமே நம் மூலம். அதற்கு மேலும், 2010இல் நியாண்டர்தால் மனிதரின் மரபணுத் தொகுதி படிக்கப்பட்டது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழ்வோரின் உடலில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு அவர்களிடமிருந்து வந்தது என்று தெரிந்தது. தூய ஒற்றை மூலம் என்பது எங்கேயும் இல்லை!

போப்பாண்டவர் இரண்டாம் ஜான்பால், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று 1996இல் ஒப்புக்கொண்டார். ஆதாமை என்ன செய்வது என்ற வினா மட்டும் அப்படியே நின்றது. அதற்கு விடையாக அண்மைக் காலத்தில் எழுந்த கூர்மையான கட்டுமானம் ஒன்றுண்டு. அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் கென்னத் கெம்ப் 2011இல் எழுதினார்: உடலால் மனிதரை ஒத்தவர் சில ஆயிரவர் இருந்திருக்கலாம், அவர்களுள் இருவருக்கு மட்டும் ஆண்டவன் அறிவுடை ஆன்மாவை அளித்தான், அவர்களின் மக்கள், ஆன்மா இல்லாத பிறரோடு கலந்து பெருகினர், நாளடைவில் அனைவரும் அவ்விருவரின் வழியினராயினர். ஜோஷுவா சுவாமிதாஸ் என்னும் உயிரியலாளர் 2019இல் வெளியிட்ட நூலிலே, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் இணையர்கூட இன்றுள்ள அனைவருக்கும் மூதாதையராக இருக்க முடியும். மரபணுச் சான்று அதை மறுக்காது என்று காட்டினார். குடிவழியும் மரபணுவும் ஒன்றல்ல என்பது உண்மைதான். பழைய மூதாதையர் பலரின் மரபணுவில் ஒரு துளியும் நம்மிடம் இல்லாதிருக்கலாம். ஆயினும் அவர்கள் நம் மூதாதையரே. கணக்கிலே பிழை காண நாம் முற்படவில்லை.

பிழை கணக்கில் இல்லை, அறத்தில் இருக்கிறது. விஞ்ஞானம் மறுக்க முடியாத மூலை ஒன்றிலே கோட்பாட்டைக் கொண்டுபோய் ஒளித்து வைப்பது, அதை மெய்ப்பிப்பதாகுமா? அது போகட்டும். அந்த மூலைக்குள்ளே நடப்பது என்ன? ஒரே உருவம், ஒரே குருதி, ஒரே பசி கொண்ட ஆயிரவர். அவர்களில் இருவர் மட்டும் மனிதர். ஏனையோர் மனிதரைப் போன்றோர்! அந்த இருவரின் மகன் மணந்த பெண் யார்? ஆன்மா இல்லாதவள். அவன் பிள்ளைக்குப் பாலூட்டியவள் ஆன்மா இல்லாதவள். பிள்ளைக்கு ஆன்மாவும் உண்டு, ஆதாமின் பழியும் உண்டு. தாய்க்கு இரண்டும் இல்லை! பழியைக் காப்பாற்றுவதற்காக ஒரு மக்கட்கூட்டத்தையே மனிதரல்லாதார் ஆக்க வேண்டியிருக்கிறது. இதை எழுதியோர் தீய நோக்கத்தோடு எழுதவில்லை என்பதை அறிவோம். ஆனால், இவர்கள் நம்மைப் போல் தோன்றினும் நம்மவர் அல்லர் என்ற சொல் உலகிலே எங்கெங்கே, எவரெவர்மீது, எத்தகைய கொடுமைகளுக்கு வழி வகுத்தது என்பதையும் நாம் அறிவோமே!

வேறொரு வழியும் உண்டு, அது மென்மையானது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல், ஆதியாகமக் கதை உருவக மொழியிலே அமைந்தது என்று ஒப்புகிறது. ஆயினும் அது தொடக்க காலத்தில் உண்மையாகவே நடந்த ஒரு செயலைக் குறிக்கிறது என்கிறது. நம்மிடம் உள்ளது நாம் செய்த பாவமன்று, நமக்கு வாய்த்த நிலை. அது எவ்வாறு வந்து சேர்கிறது என்பது முற்றிலும் விளங்காத மறைபொருள் என்கிறது. செய்யாத பாவத்தைப் பாவம் என்றழைப்பது ஏன்? நோய் என்க, குறை என்க, இளமை என்க! கிறித்தவத்தின் உள்ளேயே அப்படி அழைத்தோர் உண்டு. இரண்டாம் நூற்றாண்டின் இரேனியஸ், ஆதாமையும் ஏவாளையும் வளர்ச்சி பெறாத குழந்தைகளாகவே கண்டார். கீழைத் திருச்சபையார், நாம் ஆதாமிடமிருந்து பெற்றது சாவே தவிரக் குற்றமன்று என்பர். உயரத்திலிருந்து வீழ்ந்தவன் அல்லன் மனிதன், தாழ்விலிருந்து எழுந்து வருகிறவன் என்ற பரிணாம உண்மைக்கு இவர்களே நெருங்கியவர்கள். ஆனால் இந்த வழியிலே செல்வோர் ஒன்றை மனம் திறந்து கூறவேண்டும்: இது இணைப்பு அன்று, மாற்றம். கார்த்தேஜிலும் டிரெண்டிலும் முத்திரையிட்ட பொருள் வேறு, இது வேறு.

சாவைப் பற்றியும் ஒரு சொல். பாவத்தின் சம்பளமாகவே சாவு வந்தது என்பது பழைய போதனை. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே மாய்ந்த பெருவிலங்குகளின் எலும்பிலே புற்றுநோயின் தடம் காணப்படுகிறது. எந்தக் கனியை உண்டன அவை? விலங்கின் சாவு வேறு, மனிதனின் சாவு வேறு என்று கூறித் தப்பலாம். அக்வினாசும் ஆதாமின் பாவத்தால் விலங்குகளின் இயல்பு மாறவில்லை என்றே எழுதினார். ஆனால் விலங்கிலிருந்து வளர்ந்து வந்த உடல், விலங்கைப் போலவே மடிவதற்கு ஒரு குற்றப் பத்திரிகை எதற்கு?

இக்கோட்பாட்டிலே நல்லது ஏதுமே இல்லை என்று நாம் வாதிடவில்லை. மன்னனும் மண் சுமப்பவனும், குருவும் கூலியாளும் ஒரே கறை பட்டவரே என்று அது கூறிற்று. செருக்கை அடக்க அது பயன்பட்டது. தன்னைப் புனிதன் என்றெண்ணிப் பிறரை இகழ்வோனுக்கு அது ஒரு கடிவாளம். நன்று. ஆனால் அனைவரும் சமம் என்பதற்கு, அனைவரும் குற்றவாளிகள் என்ற அடிப்படை தேவையில்லையே! மொராக்கோ நாட்டு ஜெபல் இர்ஹூதில் கிடைத்து, 2017இல் ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுப் பழமையுடையன என்று அறிவிக்கப்பட்ட எலும்புகள் முதல், இன்று பிறந்த குழந்தை வரை, ஒரே பெருங்குடும்பம் என்று பரிணாமம் காட்டுகிறது. அந்தச் சமத்துவத்திலே கறை இல்லை, கூண்டு இல்லை, உறவு மட்டுமே உண்டு. நம்முள் சினமும் பேராசையும் இருப்பது உண்மை. அவை நெடும்பயணத்திலே நாம் சுமந்து வந்த மூட்டைகள். இரக்கமும் ஒத்துழைப்பும் அதே பயணத்திலே வந்தவைதாம். எதை வளர்ப்பது, எதை அடக்குவது என்பது நம் பொறுப்பு. நாம் செய்ததற்கு நாம் பொறுப்பு, செய்யாததற்கு அல்ல.

2007 ஏப்ரலிலே, வாடிகனின் இறையியல் ஆணைக்குழு ஓர் ஆவணம் வெளியிட்டது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளும் மீட்படைவர் என்று நம்புவதற்குத் தக்க காரணங்கள் உண்டு என்று அதிலே கூறியது. உறுதி கூறவில்லை; நம்பலாம் என்றது. கொள்கை கொஞ்சம் இளகிற்று. இளக்கியது எது? எலும்பா, மரபணுவா? இரண்டுமல்ல. குழந்தையைத் தண்டிக்கும் நீதி நீதியாகாது என்ற மனித நெஞ்சத்தின் குரல்! விஞ்ஞானத்தோடு இணைக்க அரும்பாடுபடும் அறிஞர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது இதுதான்: முதலில் அந்தக் குரலோடு இணைத்துக் காட்டுங்கள். பிறப்பைக் காட்டிப் பழி சுமத்துவது எந்தப் பெயரிலே வந்தாலும், எந்த நாட்டிலே வழங்கினாலும், அதை எதிர்த்து எழவேண்டிய வினா ஒன்றே: இவன் செய்த குற்றம் யாது?

அயர்லாந்தின் அந்தப் பெயரற்ற கற்களுக்கு விடை வந்து சேர, நெடுங்காலம் ஆயிற்று. குழி தோண்டிய தந்தைமார் அந்த விடையைக் கேட்க உயிரோடில்லை.